ட்ரங்குப் பெட்டியிலிருந்து ஒரு கடதாசி மணம்: வாசனைக் கலவை பழகுபவர்களுக்கு

வாசனைக் கலவை பழக வருகிறவர்கள் பெரும்பாலும் மல்லிகையில்தான் கை வைக்கிறார்கள். இல்லாவிட்டால் சந்தனம். இரண்டுக்கும் நல்ல எண்ணெய் வாங்கப் போனால் கையிலுள்ள காசு முழுவதும் ஒரு சின்னப் போத்தலுக்கே போய்விடும். மலிவானதை வாங்கினால் ஊதுபத்தி மணக்கும். அதனால் யார் கேட்டாலும் நான் கடதாசியில் தொடங்கச் சொல்கிறேன். இதற்கு வேண்டிய பொருட்கள் பெரும்பாலும் விலை குறைந்தவை. பிழைத்தாலும் சகிக்கக்கூடிய மணமாகவே பிழைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அசல் எப்போதும் வீட்டிலேயே இருக்கிறது. லாச்சியைத் திறந்தால் போதும்.

கிளிநொச்சிப் பக்கத்தில், விறாந்தை மூலையில் ஒரு மேசையைப் போட்டு இந்த வேலையைச் செய்கிறேன். ஆய்வுகூடம் என்று எதுவும் இல்லை. உங்களுக்கும் வேண்டியதில்லை.

நான் முதலில் செய்த பிழை

கடதாசி எண்ணெய் என்று விற்பனைக்கு ஒன்றும் கிடையாது. பூவையும் வேரையும் வடிப்பதுபோலத் தாளை வடிக்க முடியாது. இதை நான் நம்பவில்லை. பழைய அப்பியாசக் கொப்பித் தாள்களைக் கிழித்து, அரிதாகக் கிடைத்த மதுசாரத்தில் இரண்டு வாரம் ஊறவிட்டேன். வெறுந்தேநீர் நிறத்தில் ஒரு நீர் வந்தது. முகர்ந்தால் மழையில் நனைந்த சாக்கு. மதுசாரம் போனதுதான் மிச்சம்.

தாளின் உடம்பு செல்லுலோசு. சுத்தமான செல்லுலோசுக்கு மணம் இல்லை என்றே சொல்லலாம். மருந்துக் கடைப் பஞ்சை முகர்ந்து பாருங்கள், தெரியும். கடதாசி மணம் என்று நாம் சொல்வதெல்லாம் தாளோடு கூட வந்தவையும் பிறகு வந்து ஒட்டியவையும்தான். மர நார்களை ஒட்டிப் பிடித்து மரக்கூழிலும் தங்கிவிடும் லிக்னின், கட்டிய பசை, அச்சு மை, வைத்திருந்த பெட்டி, மாரிக்கால ஈரம், புரட்டிய கை என்று அந்தப் பட்டியல் நீளும்.

இவற்றில் லிக்னினைக் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது. முன்பு கந்தல் துணியிலிருந்து கடதாசி செய்தார்கள். 1840களில் ஜெர்மனியில் கெல்லர் என்பவர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் மரக்கூழ்த் தாள் பெருகியது. லிக்னின் நீக்காத மரக்கூழ்த் தாள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகும். பத்திரிகைத் தாளை வெயிலில் போட்டால் சில நாளிலேயே பார்க்கலாம். தாள் முதுமையடைந்து சிதையும்போது வனிலின், வாதுமை மணமுள்ள பென்சால்டிஹைட், சுட்ட சீனியை நினைவூட்டும் ஃபர்ஃபியூரல், வினாகிரிப் புளிப்பான அசெட்டிக் அமிலம் முதலியவை காற்றில் கலக்கின்றன. லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் மாட்டியா ஸ்டெர்லிச்சும் அவரது குழுவினரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, புத்தகத்தைக் கிழிக்காமல் இந்த ஆவிகளை அளந்தே தாளின் நிலையை மதிப்பிடலாம் என்று காட்டியது. பழைய புத்தக மணத்தை அவர்கள் பிரித்துச் சொன்ன விதம் நமக்கும் உதவும்: புல், புளிப்பு, கொஞ்சம் வனிலா, அடியில் பூஞ்சணம்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆய்வுகூடத்தில் வனிலின் முதன்முதலில் செய்யப்பட்டது 1874இல், ஊசியிலை மரப்பட்டையில் கிடைக்கும் ஒரு பொருளிலிருந்து. 1930களில் அமெரிக்காவில் கடதாசி ஆலைக் கழிவு நீரில் உள்ள லிக்னினிலிருந்தே வனிலின் எடுத்து விற்றார்கள். நோர்வேயில் போரெகார்ட் நிறுவனம் இன்றும் மரத்திலிருந்து வனிலின் செய்கிறது. ஐஸ்கிரீமில் நாம் சுவைத்த வனிலாவும் பழைய புத்தகத்தின் வனிலாவும் உறவுக்காரர் என்பது எனக்கு இன்னும் புதினமாகத்தான் இருக்கிறது.

எந்தக் கடதாசி என்று முடிவு செய்யுங்கள்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். “கடதாசி மணம்” என்று பொதுவாக நினைத்துக்கொண்டு போத்தல்களைத் திறந்தால் கடைசியில் சவர்க்காரம் மணக்கும் ஒரு கலவையில் போய் நிற்பீர்கள். ஒரு குறிப்பிட்ட தாளைக் கையில் எடுங்கள். வன்னியில் மூன்று தாள்களை உடனே சொல்வேன்.

ஒன்று, தை மாதத்தில் கடையிலிருந்து வரும் புதுக் கொப்பி. குளிர்ச்சியான வெள்ளை மணம், கொஞ்சம் பசை, கொஞ்சம் மை.

இரண்டாவது முறிகண்டிக் கச்சான் சுருள். ஏ9 வீதியில் போகிறவர்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாங்குவார்களே, அது. பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் யாரோ ஒரு பிள்ளையின் கணக்கோடு சுருட்டிக் கொடுத்த காலத்தைத்தான் சொல்கிறேன். பொலித்தீனில் கட்டினால் இந்த மணம் வராது. சுடுமணலில் வறுத்த கச்சானின் சூடு தாளில் ஏறினால் தாளுக்கே ஒரு வறுத்த மணம் வரும். நாட்டுப்புறக் கற்பனை என்று நினைக்காதீர்கள்: பிரெஞ்சு நிறுவனமான டிப்டிக் 2023இல் வெளியிட்ட கடதாசி வாசனையில் எள்ளும் சோற்று ஆவியும் சேர்த்திருக்கிறார்கள்.

மூன்றாவது, எனக்கு நெருக்கமானது: ட்ரங்குப் பெட்டிக்குள் இருக்கும் காணி உறுதி. இங்கே எந்த வீட்டிலும் அந்தப் பெட்டிக்கு ஒரு கதை இருக்கும். இடம்பெயர்ந்த ஒவ்வொரு முறையும் உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பொலித்தீன் பையில் சுற்றப்பட்டு முதலில் வெளியே வந்தன. அம்மம்மாவின் பெட்டியைத் திறந்தால் இரும்புத் துருவும், பூச்சி உருண்டையும், மடிப்பு மடிப்பாகப் பழுத்த தாளும், எங்கோ தூரத்தில் மண்ணெண்ணெயும் மணக்கும். மண்ணெண்ணெய்க்குக் காரணம் எனக்குத் தெரியும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கை வைத்துக்கொண்டு அந்தப் பெட்டியின் மேலேதான் நாங்கள் படித்தோம்.

இந்த வழிகாட்டியில் உறுதித் தாளையே கட்டப் போகிறேன். மற்ற இரண்டுக்கும் போகிற வழி கடைசியில்.

முகர்ந்து எழுதுவது

வாய் அகன்ற ஒரு கண்ணாடிப் போத்தலை எடுங்கள். போத்தலைக் கழுவினால் அதன் பழைய மணம் போய்விடும்; மூடியிலிருந்து போகாது. ஊறுகாய்ப் போத்தல் மூடியின் உட்பக்க வளையத்தில் ஊறுகாய் மாதக்கணக்கில் இருக்கும். ஆகவே மூடியை விட்டுவிட்டு, வெறும் அலுமினியத் தாளால் வாயை மூடுங்கள். முகர வேண்டிய கடதாசியை உள்ளே போட்டு இளவெயிலில் அரை மணி நேரம் வையுங்கள். சூட்டில் ஆவி மேலே வந்து போத்தலுக்குள் தேங்கும். பிறகு திறந்து, மூக்கைக் கிட்டக் கொண்டுபோய், சின்னச் சின்னதாக மூன்று முறை முகருங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் மூக்கு மரத்துவிடும். பெரிய நிறுவனங்களில் கண்ணாடிக் குடுவையால் பூவை மூடி, அதன் ஆவியை உறிஞ்சிப் பகுத்தாய்வார்கள். நமக்கு ஜாம் போத்தலும் மூக்கும்.

காலையில் செய்யுங்கள். மழை பெய்து ஓய்ந்த நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஈரக் காற்றில் தாள் தன் மணத்தை எளிதில் விடும். சோளகம் வீசும் மாதங்களில் காற்று எல்லாவற்றையும் உலர்த்தி அள்ளிக்கொண்டு போய்விடும், மூக்கும் வறண்டு கிடக்கும்.

முகர்ந்தவுடன் எழுதுங்கள். “நல்ல மணம்”, “பழைய மணம்” இரண்டும் தடை. பொருளின் பெயரையே எழுத வேண்டும். என் கொப்பியில் உறுதித் தாளுக்கு எழுதியிருப்பது இது: பென்சில் சீவல். வைக்கோல் போர், வெளிப்பக்கம். ரஸ்க். கற்பூரம், நேற்று ஏற்றியது. நாணயம் பிடித்த கை. பூட்டிக் கிடந்த அறையின் சுவர்.

ஆறு வரி. பொருட்களைத் தேர்வு செய்வதற்கு இதுவே வரைபடம்.

வாங்க வேண்டியவை

பென்சில் சீவலுக்கு வர்ஜீனியா சிடார் எண்ணெய். பென்சில் செய்த மரமே அதுதான், வேறு தேட வேண்டாம். தாளின் உலர்ந்த, மெல்லிய உடம்புக்கு ஐசோ ஈ சூப்பர். 1970களில் வந்த செயற்கைப் பொருள். கெசா ஷேன் என்ற வாசனைக் கலைஞர் 2006இல் இதை மட்டுமே வைத்து ஒரு வாசனையை வெளியிட்டார். அதே மனிதர் 2012இல் புதுப் புத்தக மணத்திலும் ஒன்று செய்தார். ஐசோ ஈ சூப்பரைச் சிலரால் முதலில் உணரவே முடியாது. இரண்டு நிமிடம் கழித்து எங்கிருந்தோ வரும், போகும். வெறும் தண்ணீரைத் தந்துவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

வைக்கோலுக்குக் கூமரின். 1868இல் பெர்கின் செயற்கையாகச் செய்த வெள்ளைப் படிகம். உலர்ந்த புல்லும் கொஞ்சம் வாதுமையும் மணக்கும். இதைக் கலக்கும்போதெல்லாம் எனக்கு வாழைச்சேனைக் கடதாசி ஆலை நினைவுக்கு வரும். அங்கே வைக்கோலிலிருந்துதான் கூழ் செய்தார்கள். நம் பரந்தனில் இருந்த இரசாயனத் தொழிற்சாலை காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்தது. கூழைக் காய்ச்சவும் வெளுக்கவும் பயன்படுகிற சாமான்கள். வயலும் தொழிற்சாலையும் கொப்பியும் ஒரே நாட்டுக்குள் இருந்த காலம். கூமரின் கொஞ்சம் கூடினாலும் அதனால் எனக்குக் கோபம் வருவதில்லை.

ரஸ்குக்கு வனிலின். கேக் சாமான் கடையில் தூளாக விற்கும் வனிலின் வாசனைக்கு வாங்கும் அதே பொருள்தான். சீனியோ மாவோ கலக்காததா என்று மட்டும் உறையில் பாருங்கள். போத்தலில் வரும் வனிலா எசென்ஸ் உதவாது. தாளின் தூசித் தன்மைக்கு மெதில் அயனோன், பூட்டிய அறைச் சுவருக்குக் காஷ்மெரான், மண்ணுக்கும் வேருக்கும் வெட்டிவேர் எண்ணெய், பெட்டியின் இருட்டுக்குப் பச்சோலி. எல்லாவற்றையும் மென்மையாக இணைக்க எத்திலீன் பிராசிலேட் என்ற வெள்ளைக் கஸ்தூரி. கடைசியில் ஒரு பொட்டு பென்சால்டிஹைட். கற்பூரத்துக்குப் பச்சைக் கற்பூரம் ஒரு துணுக்கு.

பூச்சி உருண்டையைப் போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடக்கூடாது. அது நாப்தலீன், நஞ்சு. சில பிள்ளைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். அந்த நினைவைப் பச்சைக் கற்பூரம் போதிய அளவுக்குத் தரும்.

அடுத்தது, எதில் கரைப்பது. இங்கே பெரிய தலையிடி மதுசாரம். வாசனைக்குரிய சுத்தமான எத்தனோல் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்காது. மருந்துக் கடை ஸ்பிரிட்டில் வேறு பொருட்கள் கலந்திருக்கலாம். சாராயத்தில் தென்னையின் மணம் போகாது. கள்ளத்தனமாக வடிக்கும் கசிப்பைப் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அதில் மெதனோல் இருக்கக்கூடும், தோலில் பூசும் யோசனையே வேண்டாம். பழகும் காலத்துக்கு டைப்ரோபிலீன் கிளைக்கோல் போதும். விற்பவர்கள் டிபிஜி என்பார்கள். மணமில்லாத, சற்றுத் தடித்த திரவம். வனிலினும் கூமரினும் இதில் கரையும். தேங்காய் எண்ணெயில் ஒழுங்காகக் கரையா. ஸ்பிரே போல விசிறாது என்பது மட்டும்தான் குறை.

இரண்டு தசமதானம் காட்டும் சின்ன மின்தராசு ஒன்றும் வேண்டும். துளி எண்ணிக் கலப்பவர்களை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு திரவத்தின் துளியும் ஒவ்வொரு பாரம்.

கலப்பது

முதலில் எல்லாவற்றையும் நீர்க்கச் செய்யுங்கள். ஒரு கிராம் பொருள், ஒன்பது கிராம் டிபிஜி. இது 10 சதவீதக் கரைசல். பென்சால்டிஹைட்டும் பச்சைக் கற்பூரமும் மட்டும் 1 சதவீதம்: 0.1 கிராமுக்கு 9.9 கிராம். தூள்கள் கரைய நேரம் எடுக்கும். போத்தலை வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வையுங்கள், அடுப்பில் வைக்காதீர்கள். நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். அந்தக் காற்றிலேயே தராசு 0.03, 0.05 என்று ஆடும். நம் சின்ன அளவுகளுக்கு அது பெரிய பிழை. ஒவ்வொரு போத்தலிலும் பெயர், சதவீதம், தேதி. நாளைக்கு ஒட்டலாம் என்று விட்ட நான்கு போத்தல்களை நான் ஒரு நாள் முழுக்க முகர்ந்து அடையாளம் கண்டிருக்கிறேன்.

10 சதவீதக் கரைசல்களில், 10 கிராமுக்கு என் தொடக்க அளவு:

ஐசோ ஈ சூப்பர் 3.80
எத்திலீன் பிராசிலேட் 2.00
வர்ஜீனியா சிடார் 1.50
மெதில் அயனோன் 0.80
வெட்டிவேர் 0.60
கூமரின் 0.50
வனிலின் 0.30
காஷ்மெரான் 0.30
பச்சோலி 0.20

இந்த வரிசையிலேயே ஊற்றுங்கள். முதல் மூன்றும் சேர்ந்தவுடன் நிறுத்தி முகருங்கள்: எழுதாத வெள்ளைத் தாள் வந்திருக்க வேண்டும். அயனோன் சேர்ந்ததும் தாளில் தூசி படியும். கூமரினும் வனிலினும் தாளைப் பழுக்க வைக்கும். காஷ்மெரானும் பச்சோலியும் அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கும். அதற்குப் பிறகு 1 சதவீத பென்சால்டிஹைட் ஒரு துளி, 1 சதவீதப் பச்சைக் கற்பூரம் இரண்டு துளி. இங்கே மட்டும் துளிக் கணக்கை மன்னியுங்கள்.

இரும்புத் துருவை நான் சேர்ப்பதில்லை. நாணயம் பிடித்த கையில் வரும் மணம் உலோகத்தின் மணமே அல்ல. இரும்பு தொட்டுத் தோல் எண்ணெய் சிதைவதால் வருவது. அதைத் தரும் பொருட்கள் மிகக் கடுமையானவை, தொடங்குபவர் கையில் தாளையே மூடிவிடும். மண்ணெண்ணெயையும் விட்டுவிட்டேன். பெட்டியைத் திறக்கும்போது எனக்கு அது போதும்.

சோதிப்பது, திருத்துவது

வாசனையை முகர எல்லோரும் தாள் பட்டிதான் பயன்படுத்துகிறார்கள். கடதாசி மணம் கட்டுகிறவனுக்கு இது ஒரு பொறி. கலவையில் தாள் இல்லாவிட்டாலும் பட்டி தன் மணத்தைக் கொடுத்து உங்களை ஏமாற்றிவிடும். நான் ஒரு வாரம் ஏமாந்தேன். பட்டியில் அருமையான பழைய புத்தகம். மணிக்கட்டில் பூசினால் மரத்தூள். இப்போது வெறும் பட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து மாறி மாறி முகர்கிறேன். கூடவே ஒரு கண்ணாடித் துண்டிலும் தொட்டு வைக்கிறேன். கண்ணாடியில் தாள் தெரிந்தால்தான் கணக்கு. தோலில் பூசுவதென்றால் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து ஒரு நாள் பாருங்கள். விற்கும் எண்ணம் வந்தால், ஒவ்வொரு பொருளுக்கும் சர்வதேச வாசனைச் சங்கமான இஃப்ரா விதித்த எல்லைகளைப் படிக்காமல் இறங்காதீர்கள்.

கலந்த அன்றைக்குத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள்; தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம், பங்குனி சித்திரையில் அங்கே எதுவும் வெந்துவிடும். மண்பானைக்குப் பக்கத்தில் வைக்கலாம். திரவம் நாளாக நாளாகப் பழுப்பேறும். வனிலின் செய்யும் வேலை அது. பயப்பட வேண்டாம்.

பிழைத்தால் இப்படிப் பாருங்கள். கேக் மணம் வந்தால் வனிலின் கூடிவிட்டது, 0.15க்கு இறக்குங்கள், புதியவர்கள் எல்லோரும் இதில்தான் விழுகிறார்கள். தச்சுப் பட்டறை மணம் வந்தால் சிடாரைக் குறைத்து அயனோனைக் கூட்டுங்கள். சவர்க்காரம் என்றால் கஸ்தூரி. ஈர மண் என்றால் வெட்டிவேர்; தாள் உலர்ந்த சாமான், ஈரம் ஓர் அளவுக்கு மேல் போனால் தாள் செத்துவிடும். ஒரு முறைக்கு ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்.

பிறகு, என்ன மணம் என்று சொல்லாமல் யாரிடமாவது கொடுங்கள். இதில் மனம் உடையத் தயாராக இருங்கள். இங்கிலாந்தில் பர்மிங்காம் அருங்காட்சியகத்தில் பழைய புத்தக மணத்தைப் பெயர் சொல்லாமல் பார்வையாளர்களிடம் கொடுத்தபோது அதிகம் பேர் சொன்ன பதில் சாக்லேட் என்று 2017இல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது, அடுத்தது கோப்பி. அசல் புத்தகத்துக்கே அந்தக் கதி. என் கலவையை முகர்ந்த மருமகள் “பென்சில் பெட்டி” என்றாள். பக்கத்து வீட்டு அண்ணர் “ஆயுர்வேதமா?” என்றார். அம்மம்மா கண்ணாடித் துண்டை மூக்கருகே நெடுநேரம் வைத்திருந்தார். “பெட்டியை ஏன் திறந்தாய்? மாரி வருகிறது, ஈரம் பிடித்துவிடும்” என்றார்.

புதுக் கொப்பி வேண்டுமென்றால் மேலுள்ள அளவில் வனிலின், கூமரின், பச்சோலி மூன்றையும் எடுத்துவிட்டு, கற்பூரத்தையும் வாதுமைத் துளியையும் விட்டு, கஸ்தூரியை 3.00க்கு ஏற்றுங்கள். கச்சான் சுருளுக்கு முதல் மூன்றோடு கூமரினை மட்டும் வைத்து, வறுத்த மணம் தரும் பைரசின் வகையில் ஒன்றை 0.1 சதவீதமாக நீர்க்கச் செய்து ஒரு துளி சேருங்கள். அந்தப் போத்தலை வீட்டுக்கு வெளியே திறங்கள். நான் உள்ளே திறந்தேன். மூன்று நாள் வீடு முழுக்கக் கச்சான் கடை, எறும்பு ஒன்றுகூட வரவில்லை.